வெர்லீனும் நங்கூரமும்

நடுவுநிலைமை என்னும் குணத்தைப் பிறர் வழக்கில் காப்பது எளிது. தன் வழக்கிலும் அதைத் தளராமல் காப்பவர் எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். ஹோய்ட்டின் கடையில் தூண்டில் முட்களையும் மான்வேட்டைத் தொப்பிகளையும் கடந்து உள்ளே சென்றால், கண்ணாடிப் பேழைக்குப் பின்னே, ஒரு கைத்துப்பாக்கியின் உருளையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நிற்பார். பெயர் வெர்லீன். கடைக்காரன் ஹோய்ட் அவருடைய தம்பி.

"காலி" என்று சொல்லி தோட்டா இடும் ஐந்து அறைகளிலும் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்ப்பார். "காலி" என்று மீண்டும் சொல்லி விளக்குக்கு எதிரே பிடிப்பார். மூன்றாவது "காலி"யை வாங்க வந்தவர் தம் கண்ணால் கண்டு, தம் வாயால் சொல்ல வேண்டும். அதன்பின் உருளையை மூடி, துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, மணல்மூட்டைச் சுவரை நோக்கி நீட்டச் சொல்லி, குழலின் முதுகில் ஒரு பத்து சென்ட் காசை வைப்பார். விசையை ஐந்து முறை இழுக்க வேண்டும். காசு விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கி அந்தக் கைக்கு இல்லை. சபைப் போதகரின் காசும் ஒருமுறை விழுந்தது. "ஜெபம் பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க, பாஸ்டர்" என்று சொல்லிக் காசைப் பொறுக்கிக்கொண்டார் வெர்லீன்.

அறுபதைக் கடந்தவர். ஒரு கண்ணாடி மூக்கின்மேல், மற்றொன்று நரைமயிரின்மேல். கன்னத்தில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் ஒதுங்கியிருக்கும். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் தாழ்குரலில் பாடுவார். மற்றப் பெண்டிர் குரல்கள் கூரையைத் தேடிப் பறக்கையில், அவர் குரல் தரையாக விரிந்து அத்தனையையும் தாங்கி நிற்கும். பாட்டறிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைத்தான் கேட்பார்கள்.

பேழைக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார். முக்கால் பவுண்டு எடையில், டைட்டேனிய உருளையும் கட்டைக்குழலுமாய், சட்டைப்பையில் போட்டால் மறந்தே போகும்படி இருக்கும் ஒன்றுக்கு 'சகோதரி ஓபல்' என்று பெயர். சபையில் அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள்; உடல் மெலிந்தவள், குரல் மெல்லியவள், கைகுலுக்கிப் பிரிந்தபின் எலும்பு வரை வலிக்கவைப்பவள். கீழ்த்தட்டில் ஓராண்டாக விலைபோகாமல் கிடக்கும் உருக்குத் துப்பாக்கிக்கு 'நங்கூரம்' என்று பெயர். நகரத்துத் துப்பறிவாளர் ஒருவர் நெடுங்காலம் இடுப்பில் சுமந்தது அது. விளிம்புகளில் கருமை தேய்ந்து வெள்ளிநிறம் தெரியும். தோட்டாவைத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது. ஆனால் எடை ஒன்றரைப் பவுண்டு. யாராவது அதைச் சுட்டினால், "படகு வெச்சிருக்கியா? இருந்தா எடுத்துட்டுப் போ" என்பார்.

சென்ற மாதம் கோல்பி என்னும் இளைஞன் வந்து ஓபலைக் கையில் ஏந்தி மயங்கி நின்றான்.

"பஞ்சு மாதிரி இருக்கு, மிஸ் வெர்லீன். என் பெண்டாட்டிக்கு இதுதான் சரி. அவளுக்கு மணிக்கட்டு வேற நோவு."

"தம்பி, அவளுக்குச் செருப்பு வாங்கப் போனா அவ காலைக் கூட்டிட்டுத்தானே போவே?"

"ஆமா."

"அப்பக் கையை மட்டும் ஏன் வீட்ல விட்டுட்டு வந்தே?"

கோல்பி சிரித்தான். வெர்லீன் சிரிக்கவில்லை. மிட்டாயை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்க. நோவுற கைக்கு லேசானதா வேணும்னு வர்றாங்க பாரு, நம்ம ஆளுங்க பண்ற முதல் தப்பே அதுதான். கனமானது சுடறப்ப வர்ற உதையில பாதியைத் தானே வாங்கிக்கும். லேசானது மொத்தத்தையும் உன் கைக்கே குடுத்துரும். ஒரு தடவை சுடுவா. அப்புறம் அது காலுறை இழுப்பறையில தூங்கும். அவளைக் கூட்டிட்டு வா."

இப்படி எத்தனையோ கணவன்மாரை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களில் சிலர் கோபத்தோடு நெடுஞ்சாலைப் பெருங்கடைக்குப் போய் அதே பஞ்சை வாங்கினார்கள். ஹோய்ட் அந்த இழப்பைப் பற்றிப் பெருமூச்சு விடுவான். ஆனால் அக்காளின் சட்டத்தைத் தொடமாட்டான்.

அதே வெர்லீன், அதே வாரத்தில் ஓபலைப் பேழையிலிருந்து எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. கணவர் டெல்மர்மேல் சுரங்கத்தில் கூரைக்கல் விழுந்து முதுகும் வலக்கையும் போயின. எஞ்சியவை ஓர் இடக்கையும் சக்கர நாற்காலியும் ஓயாத வலியும். அந்த வலிக்கான மாத்திரைகளை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெர்லீன்தான் நகரிலிருந்து வாங்கி வருகிறார். அது எந்த வெள்ளி என்பது எங்கள் ஊர் மலையிடுக்கில் அனைவருக்கும் தெரியும். போதைக்கு உதவும் அந்த மாத்திரைக்காகவே இந்தக் குளிர்காலத்தில் இரண்டு வீடுகளின் பின்கதவுகள் உடைந்தன. முந்தைய முறை ஒரு சாம்பல்நிற வண்டி மருந்துக்கடையிலிருந்து எங்கள் ஓடைப்பாலம் வரை அவர் பின்னாலேயே வந்து, விளக்கை அணைத்துவிட்டு நின்றது.

அவர் இத்தனை ஆண்டும் சட்டைப்பையில் சுமந்துவந்த அலுமினியச் சிறுதுப்பாக்கியோ இப்போது அவருக்கு அடங்கவில்லை. சுட்டுவிரலின் கணு வீங்கியிருந்தது. பயிற்சியில் உதை பெருவிரல் அடிவரை ஏறியது. அதனால்தான் இன்னும் லேசானதைத் தேடினார். பிறருக்குச் சொன்ன பாடம் அவருக்கு மறந்துவிடவில்லை. ஆனால் வலிக்கும் கை பேசத் தொடங்கினால் தலை கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை நானும் கடையில் இருந்தபோது கோல்பி தன் மனைவி மிஸ்டியோடு வந்தான். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவள், கூசாமல் பேசுபவள். மூன்று துப்பாக்கிகளில் காசு விழுந்தது. நான்காவதில், நடுத்தர எடையுள்ள ஒன்றில், ஐந்து இழுப்பிலும் காசு அசையாமல் கிடந்தது.

"அப்ப அந்தப் பஞ்சு எங்க? இவரு வாரம் பூரா அதைப் பத்தியே பாடிட்டிருந்தாரே" என்றாள் மிஸ்டி.

ஹோய்ட் இழுப்பறையைத் திறந்தான். "இங்க கிடக்கு. அக்கா, ஓபலை யாருக்கு எடுத்து வெச்சிருக்க?"

"ஒரு வாடிக்கைக்கு."

"எந்த வாடிக்கை?"

"கை நோவுற ஒரு கிழவி. உனக்குத் தெரியாது."

"அந்தக் கிழவி காசு வெச்சுப் பாத்தாளா?"

வெர்லீன் தம்பியை ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு மற்றொன்றை இறக்கி அதன் வழியாகவும் பார்த்தார். 'எனக்கு எதற்குச் சோதனை' என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கடையில் அவர் சொன்னால் எதிர்க்க ஆளில்லை. அவரோ உருளையைத் திறந்தார்.

"காலி" என்றார். "காலி" என்றார். மூன்றாவதை மிஸ்டி சொன்னாள்.

ஹோய்ட் காசை வைத்தான். முதல் இழுப்பில் காசு நடுங்கியது. இரண்டாவதில் பேழைக் கண்ணாடியின்மேல் விழுந்து உருண்டு போயிற்று.

"தரை கோணலா இருக்கு" என்றார் வெர்லீன்.

"பாஸ்டர் வந்தப்பவும் இதே தரைதான்."

"நீ வாயை மூடு. இழுக்கறது வேற, சுடறது வேற. பின்னால வாங்க."

கடையின் பின்னே மண்மேட்டில் சுடுதளம். அவர் எப்போதும் வைத்துக்கொள்ளும் வலுத்த தோட்டாக்களையே ஓபலில் இட்டார். நால்வரும் காதை மூடிக்கொண்டோம். முதல் குண்டு தாளின் ஓரத்தைக் கிழித்தது. இரண்டாவது மண்ணில். மூன்றாவது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோல் பிரிந்து இரத்தம் கசிந்தது. நான்காவது முறை விசையை இழுத்தார், விசை வரவில்லை. இரு கையாலும் இழுத்தார், உருளை சுழலவில்லை.

அது ஏன் என்று அவருக்குத் தெரியும். பிறருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். மிக லேசான துப்பாக்கி உதைக்கும் உதையில், இன்னும் வெடிக்காத தோட்டாவின் ஈயமுனை உறையை விட்டு நழுவி, உருளைக்கு முன்னே துருத்திக்கொண்டு பூட்டைப் போல நின்றுவிடும். குழலை மண்மேட்டை விட்டு விலக்காமல் அவர் அங்கேயே நின்றார். நால்வர் மனத்திலும் ஒரே காட்சி: வெள்ளிக்கிழமை மாலை, ஓடைப்பாலம், சாம்பல்நிற வண்டி, சுழலாத இந்த உருளை.

கேட்டது மிஸ்டிதான். "கையை வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா, மிஸ் வெர்லீன்?"

வெர்லீன் சிரிக்கத் தொடங்கினார். தாழ்குரலில் எழுந்த அந்தச் சிரிப்பில் தோள்கள் குலுங்கின. "இல்ல கண்ணு. கையைத்தான் கொண்டாந்தேன். முப்பது வருசமா மத்தவங்களுக்குச் சொன்னதை விட்டுட்டு வந்துட்டேன்."

துப்பாக்கியைப் பாதுகாப்பாக ஹோய்ட்டிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே நடந்தார். கையில் துணி சுற்றிக்கொண்டு கீழ்த்தட்டுக்குக் குனிந்தார்.

"அதுவா?" என்றான் ஹோய்ட். "படகு வாங்கிட்டியா, அக்கா?"

"சட்டம் சட்டந்தானே. காசை வை."

மூன்று 'காலி' முடிந்து, உருக்கின் முதுகில் காசு ஏறியது. எத்தனையோ ஆண்டுகள் ஒரு கை இழுத்து இழுத்துத் தேய்த்த விசை அது. எண்ணெயில் ஓடுவது போல் வந்தது. ஒன்று. இரண்டு. வீங்கிய கணுவுக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஐந்தாவது இழுப்பு முடிந்தபின்னும் காசு கிடந்தது. அதை எடுக்காமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் வெர்லீன். பின்னே மண்மேட்டில், வலுக்குறைந்த தோட்டாக்களோடு, நங்கூரத்தின் ஐந்து குண்டுகளும் ஒரு தட்டின் அகலத்துக்குள் விழுந்தன. இரும்பு தன் பங்கு உதையைத் தானே வாங்கிக்கொண்டது.

மீதி ஒரே சிக்கல்தான். ஒன்றரைப் பவுண்டு சட்டைப்பையில் தங்காது. இடுப்புக்குள் செருகும் தோலுறை வாங்கினார். அவர் அணிவதோ இழுவைநாடா வைத்த கால்சட்டை. கடையின் நடுப்பகுதியைத் தாண்டுமுன்பே அது இறங்கத் தொடங்கியது.

"நங்கூரம் கடலைத் தேடுது" என்றான் ஹோய்ட்.

திங்கட்கிழமை வெர்லீன், கால்சட்டையைத் தூக்கிப்பிடிக்கும் டெல்மரின் சிவப்புத் தோள்வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சுரங்க நாட்களில் டெல்மர் இடுப்பில் கட்டிய விளக்குப்பெட்டியின் கனத்தைத் தாங்க அணிந்தது அது. மேலே தொளதொளத்த கம்பளிச் சட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் நிமிர்ந்த தோள்களே. வாரின் பின்கொக்கி முதுகின் நடுவே மாட்டுவது. வெர்லீனின் கை அவ்வளவு பின்னால் வளையாது. அதை மாட்டுவது டெல்மரின் வேலையாயிற்று. எதிர்வீட்டிலிருந்து காலைதோறும் காண்கிறேன்: படிக்கட்டருகே வெர்லீன் முதுகைத் திருப்பி நிற்பார், நாற்காலியிலிருந்து அந்த ஓர் இடக்கை நீளும்.

"ஆடாதடி."

"ஆடலை. உன் கை நடுங்குது."

"என் கை நடுங்கல. நீ குண்டாயிட்டே."

கொக்கி கிளிக்கென்று விழும். பிறகு வண்டி புறப்படும்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. மாலை வெயில் இன்னும் மேற்கு முகட்டில் இருந்தபோதே வெர்லீனின் வண்டி ஓடைப்பாலத்தைக் கடந்தது. சாம்பல்நிற வண்டியும் பின்னால் வந்தது. இம்முறை பாலத்தில் நிற்காமல், அவர் வாயிற்கதவு வரை வந்து நின்றது. என் கை தொலைபேசியைத் தேடிற்று. வெர்லீன் இறங்கினார். மருந்துப் பையை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையைக் கம்பளிச் சட்டையின் விளிம்பருகே தாழவிட்டு, அந்த வண்டியை நேராகப் பார்த்தபடி நின்றார். எதையும் எடுக்கவில்லை, காட்டவில்லை. கன்னத்தில் மிட்டாய் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போயிற்று.

"வழி தவறிட்டியா, தம்பி?" என்று கேட்டார். தேவாலயத்தில் கேட்கும் அதே தாழ்குரல். "இது இங்கயே முடியுது. மேல போறதுக்கு ரோடு இல்ல."

வண்டி சற்றே உறுமிற்று. பின்புறமாக நகர்ந்து, பாலத்தில் திரும்பி, மறைந்தது. அதன் ஓசை தேயும் வரை அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

முன்தாழ்வாரத்தில் டெல்மர் காத்திருந்தார். உள்ளே அவரைக்குழம்பும் சோளரொட்டியும் ஆறிக்கொண்டிருந்திருக்கும். மருந்துப் பையைக் கணவர் மடியில் வைத்துவிட்டு வெர்லீன் முதுகைத் திருப்பி நின்றார். இடக்கை நீண்டது. நடுங்கியபடியே கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்து விடுவித்தது. விடுவித்தபின்னும் அந்தக் கை முதுகைவிட்டு இறங்கவில்லை.

அந்த இல்லத்து விளக்கு என்றும் நின்று ஒளிர்க. அதன் கதவைத் தட்டுவோர் அன்பராகவே வருக. அந்த இரும்பு தன் எடையை மட்டுமே சுமத்தி, ஒரு சொல்லும் பேசாமல், இருவரும் நரை முதிர வாழும் நாள் வரை உறையிலேயே துயில்க.