சிட்டு எதை மோந்தது

கருத்தக்கண்ணன் வாயில் 'தெரியாது' என்ற சொல் வந்ததே கிடையாது. பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் கம்பிவேலி போட்டு நாய் பழக்குகிறவர் அவர். காளவாசல் பக்கத்து மாடி வீடுகளில் ஆளைக் கண்டதும் குரைத்து, முதலாளி அதட்டியதும் அடங்கி உட்காருகிற நாய்களில் பாதி இவர் பழக்கியவைதான். யார் என்ன கேட்டாலும் "செஞ்சிருவோம்" என்பார். டீக்கடையில் ஒருத்தன் வம்புக்கென்றே, "கோழியைப் பழக்குவீங்களாண்ணே?" என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். இந்த வாய்தான் கடைசியில் அவரைத் தலைகுனிய வைத்தது.

ரோகிணி காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் எப்போதாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். அதனால் அம்மா செல்லத்தாய் தினமும் மகளோடு பஸ் ஏறிப் போய், கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "சும்மா துணைக்கு" என்பாள். வலிப்பென்று வெளியே தெரிந்தால் மகளை யார் கட்டுவார்கள் என்று பயம். கடைக்கு வருகிறவர்கள் அவளை வாட்ச்மேன் வீட்டம்மா என்று நினைத்து, "வண்டியப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். அவளும் பார்த்துக்கொள்வாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ரோகிணிக்கு உடம்பெல்லாம் கூசும்.

வெளிநாட்டில் வலிப்பு வருமுன்னே நாய் மோந்து சொல்லிவிடுகிறது என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ரோகிணி அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஒருநாள் கருத்தக்கண்ணனிடம் வந்தாள்.

"மாமா, ஒரு நாய் மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டா, நான் ஓரமா உக்காந்துக்குவேன். அம்மா வீட்ல இருக்கலாம். நான் தனியாப் போய்ட்டு வருவேன். எனக்கு அம்புட்டுதான் வேணும்."

"செஞ்சிருவோம் தாயி" என்றார் கருத்தக்கண்ணன். அப்படி ஒரு சங்கதி உண்டென்பதே அன்றைக்குத்தான் அவர் காதில் விழுகிறது.

மூவருமாக நரம்பு டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். சில நாய்களுக்கு அந்த வாடை பிடிபடுவதாகச் சொல்கிறார்கள், எல்லா நாய்க்கும் வராது, அதை நம்பி மாத்திரையை நிறுத்தவோ பிள்ளையைத் தனியாக விடவோ கூடாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் வேண்டாம், அதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்றார். செல்லத்தாயும் கருத்தக்கண்ணனும் நல்ல பிள்ளைகளாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள்.

சிட்டு என்ற நாட்டு நாயை அவர் தேர்ந்தெடுத்தார். துறுதுறுவென்ற பெட்டை. சோற்றுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். வலிப்பு வந்து அடங்கும்போது ரோகிணியின் உள்ளங்கை வியர்வையைப் பஞ்சில் ஒற்றி, கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைக்க வேண்டும் என்று செல்லத்தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். சாதாரண நாளில் ஒற்றிய பஞ்சு வேறு பாட்டில்களில். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சிட்டை விடுவார். சரியான பாட்டிலின் முன்னால் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கினால் ஒரு துண்டு ஈரல். சிட்டு சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பாட்டில்களை எப்படி மாற்றி வைத்தாலும் தப்பவே இல்லை. கருத்தக்கண்ணன் பூரித்துப் போனார். டீக்கடையில் அதே பேச்சுதான்.

நடுவில் ஒரு நாள் கேட் பற்றவைக்க வந்த வெல்டிங்காரன் முன்னால் போய்ச் சிட்டு உட்கார்ந்து காலைத் தூக்கியது. இன்னொரு நாள் பழைய இரும்புக்காரரிடமும் அப்படியே செய்தது. "ஈரல் கேட்டுப் பிச்சை எடுக்குது, கழுதை" என்று கருத்தக்கண்ணன் சிரித்துவிட்டார். உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு யோசனை எங்கே வரும்?

"இனி நீ வீட்ல இரு தங்கச்சி. சிட்டு பாத்துக்கிரும்" என்று செல்லத்தாயிடம் அவரே சொன்னார். டாக்டர் சொன்னதைச் செல்லத்தாய் தயங்கித் தயங்கி ஞாபகப்படுத்தினாள். "டாக்டருக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டார்.

ரோகிணி ஷேர் ஆட்டோவில் சிட்டைக் காலடியில் படுக்க வைத்துக்கொண்டு தனியாக வேலைக்குப் போனாள். கடைக்காரரும் நல்ல மனுஷன், நாய் உள்ளே இருக்கட்டும் என்றார். ஆட்டோவில் கம்பியைப் பிடித்து இறங்கும்போதெல்லாம் சிட்டு அவள் கையை மோந்து காலைத் தூக்கும். அவளும் பயந்து போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள். ஒன்றும் வராது. அதைச் சொன்னபோது, "வரப்போனது நின்னுருக்கும்" என்றார் கருத்தக்கண்ணன். அதையும் அவள் நம்பினாள். அவர் சொன்னால் நம்புவாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கடையில் நிஜமாகவே வந்தது. அதற்கு முன்னால் சிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மேசைக்கடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நின்றபடி பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த ரோகிணி ஜெராக்ஸ் மெஷின் முனையில் முகம் மோத விழுந்தாள். உதடு கிழிந்து தையல் போட்டார்கள். முன்பல் ஒன்று போய்விட்டது.

மறுநாள் ஆப்பிளும் கையுமாக அவள் வீட்டுக்குப் போனபோது, நாய்க்கு உடம்பு சரியில்லையோ என்னவோ என்று சொல்ல ஒரு காரணத்தைக் கருத்தக்கண்ணன் தயாராகவே வைத்திருந்தார். சிட்டு வாசலில் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே ரோகிணிக்கு மறுபடியும் வந்துவிட்டது. செல்லத்தாய் மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வைத்த கையோடு ஓடிப்போய் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். அடங்கியதும் சாவியை எடுத்து வைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே அதே உள்ளங்கையைப் பஞ்சால் ஒற்றினாள்.

இழுப்பு வந்தபோது ஏறிட்டும் பார்க்காத சிட்டு இப்போது எழுந்து வந்தது. ரோகிணியிடம் போகவில்லை. நேராகச் சாவிக்கொத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு, ஈரலுக்காக அவர் முகத்தைப் பார்த்தது.

கருத்தக்கண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமும் பஞ்சில் இருந்தது இரும்பு வாடை. அவர் கைநிறைய ஈரல் கொடுத்துப் பழக்கியதும் இரும்பை மோந்து சொல்லத்தான்.

அவர் முகத்தைப் பார்த்தே செல்லத்தாய்க்குப் புரிந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் குடுத்தேண்ணே. டாக்டரு வேண்டாம்னாரு. சும்மா இருக்க மனசு கேக்கல. எம்புள்ளைய நானே கெடுத்துட்டேனாண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பழி அவளோடு போயிருக்கும், டீக்கடையில் அவர் பழையபடி காலாட்டிக்கொண்டு உட்காரலாம். அந்த நினைப்பு வந்தது என்பதே அவரைக் குத்தியது. பஞ்சு எடுக்கச் சொன்னவருக்கு, அதற்கு முன்னால் அந்தக் கையில் என்ன இருந்தது என்று கேட்கத் தெரியவில்லையா? கேட்டிருக்கமாட்டார். ஏனென்றால் அவர் முன்னால் ஒருவன் வலிப்பில் விழுந்திருந்தால், டாக்டர் ஆயிரம் சொல்லியும் அவரும் இடுப்புச் சாவியைத்தான் எடுத்து நீட்டியிருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீ இல்ல தங்கச்சி" என்றார். "நாய் அங்கங்க தப்பாக் காலத் தூக்குனப்பவே நான் கவனிச்சிருக்கணும். எனக்கு இந்த வேல தெரியாது. தெரியும்னு சொல்லி உன் மகளத் தனியா அனுப்புனது நாந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், ரோகிணி கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். வீங்கிய உதட்டோடு அவள் சிட்டையே பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அம்மா" என்றாள் ரோகிணி. "தையல் பிரிச்சதும் வேலைக்குப் போறேன். நீயும் வா."

செல்லத்தாய் சரி என்று தலையாட்டினாள். அழுத கண்ணோடு அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டூலத் தூக்கி உள்ள போட்டுட்டாகளோ என்னமோ" என்றாள்.

கருத்தக்கண்ணனால் அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரோகிணியோ தன் அம்மா பக்கமே திரும்பவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.