விஜயத்தின் வளைகாப்பு வளையல்கள்

1983-இல் திருவனந்தபுரத்துத் தொலைக்காட்சித் தொழிற்சாலை ஒன்றில் சால்டரிங் வேலை பார்த்தாள் ஸ்ரீவராகம் தெருவைச் சேர்ந்த விஜயம். வளைகாப்பு முடிந்த மறுநாள், இரு கைகளிலும் கண்ணாடி வளையல்களோடு வந்து நின்றாள். பிரசவம்வரை அவற்றைக் கழற்றுவது வழக்கமில்லை; வளையலோடு சர்க்யூட் போர்டைத் தொடுவதோ விதிப்படி கூடாது. இன்னும் நிரந்தரமாகாத வேலை கைநழுவிவிடுமோ என்று அவள் கலங்கினாள்.

“எந்தா விஜயம், சாலைக் கடைத்தெரு வளையல் முழுக்கக் கையிலயா?” என்றாள் சூப்பர்வைசர் சாரதா.

“கழட்டப்படாது சேச்சி. ஆத்துல எல்லாரும் பயப்படறா.”

“நீயோ?”

“நானுந்தான்.”

சாரதா அன்று அவளை உதிரிபாகங்களைத் தரம்பிரிக்க அமர்த்தினாள். மறுநாள், தன் கணவரின் பழைய கால்பந்துக் காலுறைகளைத் துவைத்து, நுனியை வெட்டிக் கொண்டுவந்து, வளையல்கள் மறையும்படி விஜயத்தின் முழங்கைவரை தானே இழுத்துவிட்டாள்.

“ரொம்பக் குலுக்காதே கேட்டோ, வயித்துல குட்டி முழிச்சுக்கும்” என்று சொல்லி, சால்டரிங் அயர்னை அவள் கையில் கொடுத்தாள்.