உம்மாமார் ஏறிய படகு

நஸ்ரினுக்கும் "ஏலாது" என்ற சொல்லுக்கும் சின்ன வயதிலிருந்தே பகை. பிறந்த ஊரான கிண்ணியாவில் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவருமில்லை. ஏன் ஏலாது, யார் சொன்னது, எங்கே எழுதிவைத்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த உத்தியோகமும் தோதானதுதான். ஓர்ஸ் ஹில் குன்றுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையில் இருக்கும் அரசாங்க ஆய்வுகூடத்தில் கடல்நீரைப் பரிசோதிக்கிற வேலை. கிழமையில் இரண்டு நாள் படகேறிக் கொட்டியாரக் குடாவுக்குள் போவாள். வெவ்வேறு ஆழங்களில் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, மீன்கள் சுவாசிக்க ஒட்சிசன் போதுமா என்று பார்ப்பாள். மற்ற நாட்களில் ஆய்வுகூட மேசையில் இருப்பாள். மேசையில் இருக்கும் நாட்களில் அவளோடு கதை கொடுக்காமலிருப்பது நல்லது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

இந்தப் பகைக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. அப்போது நஸ்ரின் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். கடலாய்வு செய்கிறவர்களோடு ஒரு நாள் கூட நின்று அவர்கள் வேலையைப் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் இதே துறைமுகத்துக்குத்தான் கூட்டிவந்தார்கள். பொடியன்கள் படகேறினார்கள். பெண் பிள்ளைகளைப் படகுத்துறை ஜெட்டியில் நிழலாகப் பார்த்து இருக்கச் சொன்னார்கள். போனவர்களின் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்ததுதான் அன்றைக்கு நஸ்ரின் கற்றுக்கொண்ட விஞ்ஞானம். அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவளே ஒவ்வொரு வருடமும் மாணவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அவர்கள் ஒரு நாள் அவளோடு நின்று வேலையைப் பார்க்கவேண்டும், கேள்வி கேட்டுப் பேட்டி எடுக்கவேண்டும், பிறகு இந்தத் தொழில் தமக்குச் சரிவருமா என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த வருடம் முறை மூதூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு. எட்டுப் பெயர்கள் வந்தன. எட்டும் பொடியன்கள். நஸ்ரின் உடனே தொலைபேசியை எடுத்து அதிபர் ஸைனுலாப்தீனை அழைத்தாள்.

"பொம்புளப் புள்ளைகள்ட பேர் எங்க சேர்?"

"கடலுக்குள்ள போறதெண்டா பெற்றார் விரும்ப மாட்டாங்க மகள்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேட்கத் தேவல்ல. எனக்கு இந்த ஊரத் தெரியும்."

"அப்ப இந்த வருஷம் படகு ஒருத்தருக்கும் இல்ல சேர். பாதிக்குப் பாதி வந்தா வாங்க, இல்லாட்டிப் போனா வீட்டுல இருங்க."

அதிபர் கெட்ட மனிதரல்ல. ஊர் வாய்க்குப் பயந்த மனிதர். பயந்தவர்கள் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். நஸ்ரினுடைய மேலதிகாரி பிரகலாதனுக்குப் போன் எடுத்து முறையிட்டார். பிரகலாதன் நஸ்ரினைக் கூப்பிட்டு, கதிரையில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைத்தால் புத்திமதி வரப்போகிறது என்று அர்த்தம்.

"உமக்கு ஏன் காணும் இந்தக் கரைச்சல்? எட்டுப் பொடியங்களக் கூட்டிக்கொண்டு போயிட்டு வந்தா அலுவல் முடிஞ்சுது."

"முடியாது சேர். அடுத்த வருஷமும் எட்டுப் பொடியன்தான் வரும். அதுக்கடுத்த வருஷமும்."

"அந்தாள் இப்ப ஒரு வழி சொல்லியிருக்கிறார். தாய்மார் துணைக்கு வந்தா நாலு பிள்ளைகள அனுப்பலாமாம். எனக்கு ஒண்டும் பிரச்சினையில்ல. ஆனா ஒரு முறைப்பாடு வந்தாலும் உம்மப் படகில இருந்து இறக்கி மேசையில இருத்திப் போடுவன். பிறகு என்னோட கோவிக்கப்படாது."

அதிபர் அதை வழியென்று சொல்லவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, திறப்பையும் கிணற்றில் போட்டதாகத்தான் அவர் நினைத்தார். மூதூரில் எந்த உம்மா சமைக்கிற வேலையை விட்டுவிட்டுப் படகேறப் போகிறா? நஸ்ரினுக்கும் அது விளங்கியது. விளங்கியதால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மூதூருக்குப் பஸ் ஏறினாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் விஞ்ஞானப் பிரிவு மாணவிகளின் தாய்மார் கூடியிருந்தார்கள். நஸ்ரின் தன் வேலையை விளக்கி முடிக்கவில்லை, முன் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. ஷிஃபானா என்ற மாணவியின் தாய் பல்கீஸ். கணவருக்கு நெல் ஆலை. ஊரில் பல்கீஸ் ஒன்று சொன்னால் நாலு வீடு திரும்பிப் பார்க்கும்.

"தங்கச்சி, கடலுக்குள்ள போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வாறதுக்கா டிகிரி? வேணுமெண்டா எங்கட கிணத்தில நான் அள்ளித் தாறன்."

மண்டபம் சிரித்தது. நஸ்ரினும் சிரித்தாள். "தாங்க ராத்தா. அந்தத் தண்ணிய ஒங்கட புள்ளைக்குக் குடிக்கக் குடுக்கலாமா எண்டு ஒருத்தர் பார்த்துச் சொல்லோணும். அதுக்குத்தான் டிகிரி."

"சரி. படகில கக்கூஸ் இருக்கா?"

எல்லா உம்மாமாருக்கும் இருந்த கேள்வி அதுதான். கேட்கிற வாய் பல்கீஸுக்கு மட்டுந்தான் இருந்தது. அதிபர் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"இல்ல ராத்தா."

"அப்ப நீ என்ன செய்ற?"

"படகு போற நாளையில விடியத் தண்ணி குடிக்கிறல்ல. ஆம்புளைகளுக்கு அந்தப் பிரச்சின இல்ல. படகுக்கு ஒரு மறைப்பும் வாளியும் வேணுமெண்டு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் நொந்து போச்சு. கேட்கிறது நான் ஒருத்தி மட்டுந்தானே. இன்னும் நாலு பொம்புளைகள் இந்த வேலைக்கு வந்தா மேல இருக்கிறவங்களுக்கு மறுக்க ஏலாது. அதுக்குத்தான் ஒங்கட வாசலுக்கு வந்தனான்."

பல்கீஸ் முந்தானையைச் சரிசெய்தார். பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வாறன்," என்றார். "மகள ஏத்தி அனுப்புறதுக்கெண்டு நினைக்காத. இது என்ன கூத்தெண்டு என்ட கண்ணால பார்க்கோணும். சரியில்லாட்டி அவள்ட கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருவன். அவள்ட வாப்பாவும் அதத்தான் சொல்லுவாரு."

பல்கீஸ் போகிறா என்றான பிறகு மற்ற மூன்று வீடும் பின்வாங்கினால் அது மரியாதையில்லை. நாலு பெண் பிள்ளைகள், நாலு உம்மாமார். அதிபரின் முகம் போன போக்கை நஸ்ரின் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நாலு பொடியன்களும் சேர்ந்தால் ஒரே தடவையில் போக முடியாது. படகுக்காரர் இன்பாஸையும் நஸ்ரினையும் சேர்த்துப் பத்துப் பேருக்குத்தான் இடம், பத்து உயிர்காப்பு அங்கிதான் இருக்கிறது. ஆகவே முதல் ஓட்டம் பெண்கள், இரண்டாவது ஓட்டம் பொடியன்கள் என்று ஒழுங்கு. ஆனால் போகவேண்டிய அன்று பார்த்துப் பள்ளிக்கூட பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்புகிற காலம். மத்தியானம் தாண்டினால் குடா கொந்தளிக்கத் தொடங்கிவிடும்.

"ஒரு ஓட்டந்தான் தங்கச்சி," என்றார் இன்பாஸ், மேற்கே பார்த்துக்கொண்டு. "ரெண்டாவதுக்கு நான் ஏத்த மாட்டன்."

அதிபர் ஸைனுலாப்தீன் யோசிக்கவே இல்லை. அப்படி ஒரு வேகம் அந்த மனிதருக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அப்ப பொடியன்மார் போகட்டும்," என்றார். "நாளைக்கு இந்த உத்தியோகத்துக்கு வரப்போறது அவங்கதானே. பொம்புளப் புள்ளைகள் உம்மாமாரோட இந்த மரத்துக்குக் கீழ இருந்து பார்க்கட்டும். இன்னொரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்."

நஸ்ரினுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "இன்னொரு நாள் எண்டா எந்த நாள் சேர்? திகதிய இப்பவே சொல்லுங்க. முதல் ஓட்டம் பொம்புளப் புள்ளைகள்ட. காத்து அத மாத்தல்ல, நீங்கதான் மாத்துறீங்க."

சத்தம் கேட்டுப் பிரகலாதன் ஆய்வுகூடத்திலிருந்து இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "நஸ்ரின், நான் சொன்னது ஞாபகம் இருக்கோ? அதிபர் சொல்ற மாதிரிச் செய்து இண்டைக்கு அலுவல முடிச்சுப் போடும்."

"நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு சேர். மேசையில இருத்துங்க. ஆனா இண்டைக்கு இவங்கள ஜெட்டியில இருத்திப் போட்டு நான் போக மாட்டன். நான் போகாட்டிப் படகும் போகாது."

இந்த மூன்று பேரும் வெயிலில் நின்று வாயாடிக்கொண்டிருந்த நேரத்தில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று நினைக்கவேண்டாம். உம்மாமார் வெயிலில் காய்கிறார்களே என்று இன்பாஸ் இரங்கி, ஒவ்வொருவராகப் பிடித்து இறங்க ஒரு தடியை நீட்டிப் படகில் ஏற்றி, அங்கிகளையும் கொடுத்திருந்தார். பல்கீஸ் கறுப்பு அபாயாவுக்கு மேலே செம்மஞ்சள் அங்கியைப் போட்டு வார்களை இறுக்கிக்கொண்டு, பராட்டாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரும் பிள்ளைகளும் அவரைச் சுற்றி இருந்தார்கள்.

அதிபர் ஜெட்டி விளிம்புக்கு வந்து குனிந்தார். "ராத்தா, கொஞ்சம் இறங்குங்க. பொடியன்மார் போயிட்டு வரட்டும்."

"ஏன் சேர்?"

"காத்து வருகுது. ஒரு ஓட்டந்தான் போகலாமாம்."

"போகத்தானே போறம்."

"அதில்ல ராத்தா, பொடியன்மார்—"

"சேர்," என்றார் பல்கீஸ். குரல் உயரவில்லை. உயர்த்தத் தேவைப்படாத குரல் அது. "உம்மா வந்தா மகள் போகலாம் எண்டு சொன்னது நீங்க. நான் சுபஹுத் தொழுகைக்கு முன்ன எழும்பிச் சமைச்சு, மனுசனோட சண்ட புடிச்சு, விடியத்தில இருந்து பச்சத் தண்ணி பல்லில படாம வந்திருக்கன். இதுக்குப் பிறகும் என்ன எழுப்பிறதெண்டா நாலு பேரக் கூட்டிக்கொண்டு வந்து தூக்குங்க. லேசான உடம்பில்ல இது."

மற்ற உம்மாமார் பொட்டலங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. ஜெட்டியில் நின்ற பொடியன்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிரகலாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி அகப்படவில்லை போலும், அப்படியே திரும்ப மாட்டிக்கொண்டார். இத்தனை வருடமாகத் தனியாகச் சண்டை பிடித்த நஸ்ரின், தன் சண்டையை இன்னொருத்தி பிடிப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். உடனே படகில் குதித்து அங்கியைப் போட்டாள்.

"படக எடுங்க இன்பாஸ் நானா."

"மிஸ், அப்ப நாங்க?" என்றான் அந்தச் சிரித்த பொடியன்.

"வாற புதன்கிழம வாங்க. ஒங்கட உம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வரோணும். தனிய அனுப்ப ஏலாது."

உள்துறைமுகத்தைக் கடந்து குடா விரிந்ததும் படகு ஆடத் தொடங்கியது. ஷிஃபானா பேட்டிக் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். "இத்தொழிலைத் தாங்கள் தெரிவுசெய்யக் காரணம் யாது?" என்று பாடப்புத்தகத் தமிழில் தொடங்கினாள்.

"அத விடு புள்ள," என்று பல்கீஸ் குறுக்கே விழுந்தார். "தங்கச்சி, கட்டின பிறகு மாப்பிள இந்த வேலைக்கு விட்டாரா?"

"கட்டுறதுக்கு முந்தியே சொல்லிப் போட்டன் ராத்தா, கடலும் நானும் ஒண்டாத்தான் வருவமெண்டு. சம்மதமெண்டா கட்டுங்க, இல்லாட்டித் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க எண்டன். குடிச்சிட்டு ரெண்டு பேர் போனாங்க. மூணாவது ஆள் இருந்தாரு."

உம்மாமார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இன்பாஸ் இயந்திரத்தை நிறுத்தினார். நஸ்ரின் சோற்றுத் தட்டுப் போன்ற ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கக் கொடுத்தாள். கயிற்றில் அடையாளங்கள் உண்டு. தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் எந்த அடையாளம் நிற்கிறது என்று பார்த்தால், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று சொல்லிவிடலாம். ஷிஃபானா கயிற்றை இறக்கினாள். பாதியில் முகம் வெளிறி, விளிம்பில் சாய்ந்து வாந்தியெடுத்தாள். கயிறு வழுக்கப் பார்த்தது. பல்கீஸ் எட்டிப் பிடித்தார்.

நஸ்ரின் தண்ணீர்ப் போத்தலை ஷிஃபானாவிடம் நீட்டிவிட்டுப் பல்கீஸைப் பார்த்தாள். சரியில்லாவிட்டால் மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவதாக இந்த மனுசி மண்டபத்தில் சொன்னவர். இப்போது படகைத் திருப்பச் சொன்னால் திருப்பத்தான் வேண்டும்.

ஷிஃபானா வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உம்மா, விட்டுராதீங்க. இறக்குங்க. நான் பார்க்கிறன்." தண்ணீருக்கு மேலே குனிந்து கண்ணைச் சுருக்கினாள்.

பல்கீஸ் மகளைப் பார்த்தார். பிறகு கயிற்றை இறக்கினார்.

"மறைஞ்சிட்டு."

"எங்க மறைஞ்ச? எனக்கு இன்னும் தெரியுது."

"ஒங்களுக்குத் தெரியுறது ஒங்கட கண்ணாடில பட்ட வெளிச்சம் உம்மா."

"வாய் காட்டாத. இன்னும் கொஞ்சம் விடுறன், பார்த்துச் சொல்லு."

அப்போது பல்கீஸின் தொலைபேசி அடித்தது. ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார். ஆலையிலிருந்து கணவர். காற்றிலும் அவர் குரல் படகு முழுவதற்கும் கேட்டது.

"எங்க நிக்கிற? புள்ளயத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டாச்சா?"

"நான் வேலையில நிக்கிறன்," என்றார் பல்கீஸ். "முடிஞ்ச பிறகு எடுங்க."