ஏழாவது சீடர்

எலுமிச்சை மூடியால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருப்பார் சவரிராயலு. பெரிய வியாழன் காலை அரைமணி நேரம் இதற்கே போகும். மாலைப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச்சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். பத்து வருடமாக அந்தப் பன்னிரண்டில் இவர் ஒருவர். நகம் வெட்டி, நுரை போட்டு, கடைசியில் பவுடரும் அடிப்பார்.

"எல்லாத்தையும் நீங்களே கழுவிட்டா சாமியாரு எதக் கழுவுவாரு?" என்பார் மனைவி மதலேன்.

"அழுக்குக் கால நீட்டுனா அவுரு இன்னா நெனைப்பாரு?"

ஆண்டவர் இன்னா நெனைப்பாரு என்று மதலேன் கேட்பதில்லை.

தொழில் சீரியல் செட். மாதா சப்பரமோ வீராம்பட்டினத்து அம்மன் தேரோ, மதபேதம் பாராமல் விளக்குக் கட்டுவார். பூசையில் எல்லோரும் பீடத்தைப் பார்க்கையில் இவர் கண் கூரையில் செத்த பல்பைத் தேடும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் ஒழுங்கு உண்டு: மாதத்தின் முதல் சனி, இரண்டே நிமிடம். செபமாலை விட்டது, மதலேனைத் திட்டியது, வெள்ளிக்கிழமையில் கறி தின்றது. பாவங்கள்கூட மாறுவதில்லை.

இந்த வருடம், பெரிய வியாழனுக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று, கோயில் உபதேசியார் பன்னிரண்டு பெயரையும் வாசித்தார். ஏழு, சவரிராயலு. எட்டு, பெரியநாயகம். பூசை முடிந்ததும் சவரிராயலு உபதேசியாரை மடக்கினார்.

"என்ன மூணாம் நம்பருக்கு மாத்துங்க."

"சீட்டு கேக்கற பழக்கம் சீடருங்க காலத்துலேர்ந்தே இருக்குது. அவங்களுக்கே கெடைக்கல" என்றார் உபதேசியார்.

பெரியநாயகம் இவருடைய பழைய கூட்டாளி. ஆறு வருடத்துக்கு முன், திருவிழா விளக்குக்காக அவர் ஏணியில் ஏறியிருக்க, கீழே பிடித்திருந்தவர் சவரிராயலு. செல்போன் அடித்தது. சவரிராயலு கையை எடுத்தார். பெரியநாயகத்தின் கணுக்கால் நொறுங்கியது. கூட்டம் கூடியதும் சவரிராயலுவின் வாயில் வந்தது இதுதான்: "குடிச்சிட்டு ஏறுனான், நான் இன்னா பண்றது?"

பெரியநாயகம் குடிப்பதே இல்லை. ஆனால் புதுச்சேரியில் இந்தப் பொய்க்குச் சாட்சி தேவைப்படாது. அதன்பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு பேட்டரிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

குருத்து ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் சவரிராயலுவே இதை என்னிடம் சொன்னார். "ஒரு வார்த்த திட்டியிருந்தான்னா நானும் திட்டிட்டு மறந்திருப்பேன் சார். எதிர்ல வந்தா தலைய ஆட்டிட்டுப் போறான். அதான் தாங்கல."

சாமியாரிடம் சொல்லிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அவுருகிட்ட சொன்னா மன்னிச்சிடுவாரு சார். ஊருக்கு யாரு சொல்றது?"

வியாழன் மாலை பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள். எட்டாவதில் பெரியநாயகம் குனிய முடியாமல் செருப்பைக் கழற்றத் தடுமாறினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தார்: "குடிச்சிட்டு உழுந்த காலு. அதுக்கும் சாமியாரு முத்தம் குடுக்கணும்."

சவரிராயலு திரும்பினார்.

"அவன் குடிக்கல. ஏணிய வுட்டது நானு. பொய் சொன்னதும் நான்தான்."

கீழிருந்து ஏணி உச்சிக்குப் பேசிப் பழகிய குரல். நாலு வரிசைக்குக் கேட்டது. கிண்ணத்தோடு அவர் முன் வந்திருந்த சாமியார் கொஞ்சம் நின்றார். பிறகு மண்டியிட்டு, பவுடர் அடித்த அந்தக் காலில் தண்ணீர் ஊற்றினார். பாடகர் குழு மட்டும் ஒன்றும் அறியாமல் அடுத்த அடிக்குப் போய்விட்டது.

பெரியநாயகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் முறை வந்ததும் காலை நீட்டினார், துடைக்கக் கொடுத்தார், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். எல்லோரும் இடத்துக்குத் திரும்பும் நேரம். எழுந்திருக்கப் பிடிமானம் தேடிய அவர் கை, சவரிராயலுவின் தோளில் இறங்கியது. உடம்பின் முழுக் கனமும் அதில் இருந்தது.

மற்ற பத்துப் பேரும் போய்விட்டார்கள். அந்தக் கை தானாக எடுபடும்வரை சவரிராயலு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.