மூடியில்லாத பெட்டி

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தது என் அம்மா. அப்பாவுக்கு ஓசூரில் வேலை. பள்ளி விட்டு வந்தால் திண்டுக்கல் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, குஜிலியம்பாறைப் பக்கம் அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே என்னையும் சேர்த்துவிட்டார்கள். பள்ளி வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"அவ கூடப் பேசாதீங்கடி, எல்லாத்தையும் வீட்டுல போய் ஒப்பிச்சிருவா" என்று ஒருத்தி முதல் வாரமே சொல்லிவிட்டாள். வீட்டில் நாங்கள் பள்ளியைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? மூன்று மாதம் மதியச் சாப்பாட்டை, ஆசிரியர் அறை ஜன்னலுக்கு எதிரே இருந்த சைக்கிள் கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டேன்.

அப்போது ஒரு வாரம் கணக்கில் கன உருவங்களின் வலை. வலை என்றதும் பின் பெஞ்சிலிருந்து, "மீன் பிடிக்கவா டீச்சர்?" என்றான் ஒருவன். அம்மா சிரிக்காமல் ஒரு பற்பசைப் பெட்டியின் ஒட்டைப் பிரித்து மேசையில் விரித்தாள்.

"பெட்டியப் பிரிச்சுப் போட்டா வலை. எல்லாப் பக்கத்துப் பரப்பையும் கூட்டினா மொத்தப் புறப்பரப்பு. அம்புட்டுத்தான்."

பன்னிரண்டு, எட்டு, ஐந்து சென்டிமீட்டர் அளவில் மூடிய பெட்டி ஒன்றுக்கு வலை வரைந்து, வெட்டி ஒட்டி, பரப்பும் எழுதி வர வேண்டும், இரண்டிரண்டு பேராக. முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் மிஞ்சியவள் நான்.

அன்று மாலை நீல சார்ட்டில் தனியாகச் செய்து முடித்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதை உயர்த்திப் பிடித்து, "இது யாருது?" என்றாள். எழுந்து நின்றேன்.

"மூடி எங்க?"

"மறந்துட்டேன் டீச்சர்."

"எரநூத்தித் தொண்ணூத்தாறுன்னு எழுதியிருக்க. மேல ஒரு தொண்ணூத்தாறக் காணோமே. இதுல கோழிய அடைச்சா நிக்குமா, பறந்துல்ல போயிரும்? நாளைக்கு அஞ்சு வலை வரைஞ்சுட்டு வா."

வகுப்பே சிரித்தது. நேற்றே பார்த்தவள், தெரிந்தும் சொல்லவில்லை. அழுதுவிடாமல் இருக்க ஜன்னல் கம்பிகளை எண்ணினேன்.

மதியம், என்னோடு பேசக் கூடாதென்று முதல் வாரம் சொன்ன அந்தப் பெண்ணே கொட்டகைக்கு வந்தாள்.

"ஏய், உங்கம்மா வீட்டுலயும் இப்படித்தானா?"

தலையாட்டினேன்.

"பாவம்டி நீ. வா, எங்க கூட வந்து உக்காரு."

அவர்கள் நடுவில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் சொன்னேன். அந்தப் பள்ளியில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் நாள் அதுதான்.

மாலை பேருந்தில் அம்மா முன்னால் ஏறி, வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நான் பின்னால் அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். அவளுக்கு வலிக்க வேண்டும் என்று இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடுவழியில் அந்தப் பெண்கள் இறங்கிப் போன பிறகும் நான் முன்னால் போகவில்லை.

அந்த வருடம் முழுக்க அப்படியேதான் போய்வந்தோம். வாரத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் எனக்குத் திட்டு விழுந்தது; விழ விழத் தோழிகளும் கூடிக்கொண்டே போனார்கள். அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தப் பேருந்தில் என்னை விட்டால் அவளுக்கும் பேச ஆளில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.