சொந்தப் பெயரில் ஒரு புகார்

இணையத்தில் ஏமாந்தவர்களுக்குப் புகார் எழுதித் தருவது என் தொழில். அழுகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேதியையும் நேரத்தையும் வைப்பதுதான் அதன் நுட்பம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கணினி கடைக்காரருடையது, வாக்கியம் என்னுடையது. வருகிறவர்கள் எல்லாரும் "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு இப்படி ஆயிடுச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்களும் அப்படியே ஆரம்பிக்கலாம், வெட்கப்பட வேண்டாம். அந்தத் தெரிந்தவரை எனக்கும் நன்றாகத் தெரியும். போன வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கையெழுத்து பாக்கி

கவிதா மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கைப்பேசியின் முன் நின்று புடவையை விரித்துக் காட்டி நேரலையில் விற்பவள். அந்த வீடியோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, யாருடையதோ உடம்பில் ஒட்டி, அவள் பெயரிலேயே கணக்குத் திறந்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒருவன் அனுப்பிக்கொண்டிருந்தான். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கும் படம் போயிருந்தது. கடைத்தெருவில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால், காவிரிப் பாலம் தாண்டி எங்களிடம் வந்திருந்தாள்.

மற்றவர்கள் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். இவள் அந்தக் கணக்கின் முகவரி, படம் வந்த நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள். அடுத்தவர் பெயரில் நடிப்பதற்கும், ஆபாசப் படம் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன, எழுதினேன். அவள் பேனாவை எடுத்தபோது துறையூரிலிருந்து அப்பா கூப்பிட்டார். புகார் கொடுத்தால் கல்யாணம் நிற்கும் என்பது அவர் பயம். கொடுக்காவிட்டால் அந்தப் படம் நிற்காது என்பது அவள் பயம். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது: "கையெழுத்துப் போடாத பாப்பா. நான் பஸ் ஏறிட்டேன்."

மடி

கவிதா பெஞ்சில் காத்திருக்கும்போது அடுத்த தெரு மாமி வந்தார். அடுப்பில் தளிகை ஆகிற நேரத்தில் போன் அடித்திருக்கிறது. குளித்துச் சமைக்கும் மாமி மடி, போனோ தொட்டால் மடி கெடுகிற விழுப்பு. அதனால் வாசலில் பூ கொடுக்க வந்தவளை எடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் பேசியிருக்கிறார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் பவ்யமானது. கணக்கு முடங்கப்போகிறது, இப்போது வரும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் பிழைக்கும் என்றது. பூக்காரி அந்த எண்ணைத் தெளிவாக, உரக்க, இரண்டு தடவை படித்தாளாம்.

ரகசிய எண்ணை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டு எழுதுவது எங்கள் வழக்கம். கேட்டேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் போனைத் தொடவே இல்லையே! அப்புறம் நான் குடுத்தேன்னு எப்படி எழுதுவேள்?"

நல்ல நேரம்

பதினொன்றே கால் மணிக்கு, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். விடிந்ததும் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் கைது, கேமராவை விட்டு நகரக் கூடாது என்றானாம். இவரும் நகரவில்லை. சந்தியாவந்தனத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். பிறகு, விசாரணை முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று சேமிப்பு முழுவதையும் அவன் சொன்ன கணக்குக்கு மாற்றிவிட்டார். போனிலேயே ஒருவரைக் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை என்று சொன்னேன். வாழ்நாளெல்லாம் அரசு முத்திரை குத்தியவர், சட்டத்தில் அப்படி ஒரு குறை இருப்பது தெரியாமல் போயிற்றே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பணம் போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் கணக்கு மாறிக் கணக்கு மாறி ஓடிவிடும். இதைச் சொன்னதும் அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரை ராகு காலம். போனது போகட்டும், புகாராவது நல்ல நேரத்தில் ஆரம்பிக்கட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கவிதா எழுந்து வந்து அவர் போனுக்காகக் கையை நீட்டினாள். "குடுங்க சார், நான் போட்டுத் தரேன். இதுக்கு மேல கெட்ட நேரம் எனக்கு வரப்போறதில்ல."

துறையூர் பஸ்

ஒரு மணிக்கு அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஜெராக்ஸ் கடையே போலீஸ் ஸ்டேஷன் என்பதுபோல ஒதுங்கி நின்றார். "பேரை மட்டும் மாத்தி எழுதிடலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். எதிராளியும் பேரை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சுருங்கிப்போனது. மகளிடம் திரும்பி, "வேணாம் பாப்பா, ஊருக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

"ஊரே பாத்தாச்சுப்பா. இன்னும் பாக்காதது போலீஸ் மட்டும்தான்" என்றாள் கவிதா. சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அவர் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். பிறகு வாசலுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போன் செய்து, புகார் கொடுக்கிறோம் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து மனுவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார். "நானும் கூடப் போடணுமுங்க. அப்பன் எந்த எடத்துல கையெழுத்துப் போடுறதுங்க?"

பொய்ப் பெயரில் வருகிறவனுக்கு இல்லாத கூச்சம் சொந்தப் பெயரில் எழுத வருகிறவர்களுக்கு இருக்கும்வரை, எங்கள் கடையில் மனுவை அச்சடிக்கும் இயந்திரத்துக்கு இருக்கிற வேலை, கையெழுத்துப் போடும் பேனாவுக்கு இருக்கப்போவதில்லை.