பத்தொன்பது டிவி உள்ள வீடு

கடைக்குள் நுழைந்தால் குச்சிக்காரர் ஆளைப் பார்ப்பதில்லை. ஆளின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் டிவியைத்தான் பார்ப்பார். வணக்கம்கூட அதற்குத்தான் என்று கடைக்காரர்கள் கேலி செய்வதுண்டு. பிறகு சுவரோரமாகப் போய், காய்ச்சலுக்குப் பார்ப்பதுபோல டிவியின் முதுகில் புறங்கையை வைப்பார். "சூடு இல்லைங்க. தூங்கிருச்சு, அவ்வளவுதான்," என்பார். அதற்குள் மடக்கு ஏணி விரிந்திருக்கும்.

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று விரல் நீளத்தில் ஒரு குச்சி விற்கிறதே, அதை டிவியின் பின்னால் செருகி, கடையின் விலைப்பட்டியலையும் விளம்பரத்தையும் ஓடவிடுவதுதான் அவர் தொழில். கடைகளுக்கென்றே செய்த பெட்டிகளும் இருக்கின்றன. விலை பத்து மடங்கு. சுவரை அடைத்துக்கொண்டு டிவி வாங்கியவர்கள் பெட்டி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் குச்சிக்காரர் வீட்டு அடுப்பு எரிகிறது.

சட்டைப்பையில் எந்நேரமும் நாலைந்து ரிமோட் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, கோணல் எழுத்தில் எழுதியிருப்பார்: பேக்கரி, சலூன், மெத்தை, பல். சாப்பிட உட்கார்ந்தாலும் அவற்றை எடுத்து வைப்பதில்லை. குனிந்தால் குழம்பில் விழும் என்று சொன்னால், இடது கையால் பையைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவார்.

குச்சியின் குணத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். "இது வீட்டுச் சாமான்ங்க. வீட்ல இருக்கிறவன் பாத்துக்கிட்டே தூங்கிடுவான்னு அதுக்குத் தெரியும். நாலு மணி நேரம் யாரும் தொடலைன்னா, இருக்கியாப்பான்னு கேக்கும். பதில் வரலைன்னா அதுவும் படுத்துடும். இது கடைன்னு அதுக்கு யார் சொல்றது?" வம்பு பண்ணும் மருமகனைப் பற்றிப் பேசுகிற மாமனார் மாதிரி, பாதி சலிப்பு, பாதி சப்பைக்கட்டு. பேக்கரியில் கூட்டம் முட்டிமோதும் வேளையாகப் பார்த்துத்தான் குச்சி படத்தை நிறுத்திவிட்டு, அப்டேட் என்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பும். பல் கிளினிக்கில் ஈறு பராமரிப்பு பற்றிய அறிவுரைக்கு நடுவே ரத்தம் சொட்டும் பேய்ப்பட விளம்பரம் வந்து, காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்று முதல் பல் டாக்டர் அவரைக் கண்டால் ஒரே வாக்கியம்தான்: "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நான் கம்பெனிப் பெட்டி வாங்கிடுவேன்."

குச்சியைப் பதிவுசெய்ய ஒரு போன் எண் வேண்டும். முதல் மூன்று குச்சிகளை வாங்கிய அன்று அவருடைய போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. மனைவியின் எண்ணைக் கொடுத்தார். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார். மூன்று பத்தொன்பது ஆகிவிட்டது. எண்ணைக் கேட்டதும், எந்த அறை என்றும் குச்சி கேட்கும். பேக்கரி என்றால் அதற்குப் புரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வீடு. அதனால் பேக்கரி சமையலறை ஆயிற்று, சலூன் குளியலறை, மெத்தைக்கடை படுக்கையறை, பல் கிளினிக் வரவேற்பறை. கம்பெனி ஏட்டின்படி அந்த அம்மாளுக்குப் பத்தொன்பது டிவி வைத்த அரண்மனை இருந்தது. உண்மையில் இருந்தது இரண்டு அறை வாடகை வீடு. அதில் டிவியே கிடையாது.

கம்பெனிக்கும் அவ்வப்போது சந்தேகம் வரும். ஏதாவது ஒரு குச்சி திடீரென்று, நீ யார் என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். உடனே மனைவியின் போனுக்கு ஆறு எண்கள் வரும். பத்து நிமிடத்துக்குள் அவற்றை டிவியில் அடிக்க வேண்டும். ஏணியில் நின்றபடியே கூப்பிடுவார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. என்ன, இன்னைக்குச் சமையலறை எழுந்திரிக்க மாட்டேங்குதா?" என்று சிரித்துவிட்டு, மூன்று மூன்றாகப் பிரித்துச் சொல்வாள். அது அவர்கள் நன்றாக இருந்த காலம்.

மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒருநாள் மெத்தைக்கடை டிவி இருண்டது. தள்ளுபடி விற்பனை தொடங்கும் நாள். முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறார். குச்சிக்காரர் கூப்பிட்டார். அவள் மூன்று எண் சொன்னாள், நிறுத்தினாள், இன்னும் மூன்று சொன்னாள். பிறகு, "அம்மா போய் அரை மணி நேரம் ஆச்சு," என்றாள்.

"ஒரு நிமிஷம் இரு, இதை அடிச்சுட்டுக் கூப்பிடறேன்," என்றார் குச்சிக்காரர்.

அடித்தார், படம் வந்தது. திரும்பக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. அந்த மாதமே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியவரே அவர்தான். அந்த ஒரு நிமிடத்தை இரண்டு வருடமாக மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிகிறார்.

ஆள் போனாலும் எண் அவளுடையதுதானே. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏதாவது ஒரு குச்சி கதவைச் சாத்தும். "வந்துச்சா?" "நாலு ஏழு ரெண்டு." சற்று இடைவெளி. "ஒண்ணு ஒண்ணு அஞ்சு." அறைகளைப் பற்றிய கேலி இல்லை. "கடைசி மூணும் சரியா கேக்கலை," என்பார். நன்றாகவே கேட்டிருக்கும். அவள் மறுபடி சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் திரும்பி வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவு பேராசை கிடையாது. அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தார்.

மாதத் தொடக்கத்தில் அதிசயமாக அவளே கூப்பிட்டாள். எந்தக் கடை என்று கேட்க வாயெடுத்தார்.

"அக்கா அவ பையன்கிட்ட வெளிநாட்டுக்குப் போறா. நானும் கூடப் போறேன். இந்த நம்பர் மாசக் கடைசியோட இருக்காது. எல்லாத்தையும் உங்க நம்பருக்கு மாத்திக்கோங்க."

குச்சிக்காரர் சட்டைப்பை ரிமோட்டுகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "ஒவ்வொரு குச்சியாத்தான் மாத்தணும். நாளாகும்," என்றார்.

அது பச்சைப் பொய். கணக்கில் எண்ணை ஒருமுறை மாற்றினால் பத்தொன்பதும் சேர்ந்து மாறிவிடும். பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்குக்கூட அது தெரிந்திருந்தது. "அண்ணா, ஒரே வேலைல முடியுமே. ஏன் கடை கடையா அலையறீங்க?" என்றாள். "தெரியும்மா," என்று சொல்லிவிட்டு ஏணியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாதம் முழுக்க நாளுக்கு ஒரு கடை, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு குச்சியையும் பழைய கணக்கிலிருந்து விடுவிக்க அவளிடமிருந்து ஆறு எண். சில நாள் எண்களோடு ஒரு சொல்லும் சேர்ந்து வந்தது. "அங்க மழையா?" "ஆமா." அவள் மழையைப் பற்றிக் கேட்ட அன்று, ஒரு டீயோடு எழுந்துவிடுகிற மனிதர் பேக்கரியில் மூன்று டீ குடித்தார். மீதி எத்தனை கடை என்று யாராவது கேட்டால் மட்டும் முகம் கறுத்துவிடும்.

பல் கிளினிக்கைக் கடைசிக்கு வைத்திருந்தார். மாதத்தின் கடைசி நாள், காலை பதினோரு மணி. ஆறு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஆறு கட்டங்கள் தோன்றின. அவற்றின் கீழே பத்து நிமிடம் இறங்கத் தொடங்கியது.

"வந்துச்சா?"

"வந்துச்சு. எட்டு சைபர் மூணு."

அடித்தார். அடுத்த மூன்று வரவில்லை.

"அக்கா பையன் சொன்னான்," என்றாள். "ஒரே தடவைல எல்லாத்தையும் மாத்திடலாமாம்."

"எப்ப சொன்னான்?"

"முதல் வாரமே."

குச்சிக்காரருக்கு அவமானமாக இருந்தது. தெரிந்தேதான் அவள் இத்தனை நாளும் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"சரி, மீதியைச் சொல்றேன், அடிங்க. எனக்கு இன்னும் பெட்டி கட்டணும்."

"இரு. இப்ப சொல்லாதே."

"நேரம் போயிடுமே."

"போகட்டும்." கையிலிருந்த ரிமோட்டைச் சட்டைப்பையில் செருகினார். "அன்னைக்கு அம்மா எப்படிப் போனாங்க?"

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

"இப்பவா கேக்குறீங்க," என்றாள்.

"ஆமா."

"காலைல நல்லாத்தான் இருந்தாங்க." "தலை சீவி விடச் சொன்னாங்க. சீப்பை எடுத்துட்டு வரலைன்னு என்னைத் திட்டினாங்க..." நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அண்ணா, இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு," என்று மேசைப் பெண் திரையைக் காட்டினாள். உள்ளறைக் கதவைத் திறந்து டாக்டரும் எட்டிப் பார்த்தார். காத்திருந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் ஏணி மேல்தான். குச்சிக்காரர் திரும்பவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டிவியின் பின்னால் கையை விட்டு, பிளக்கைப் பிடுங்கினார். ஏணியின் நடுப்படியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லு," என்றார்.